எத்தனை நாளாய் இந்தத் தலைவலி?

கிறிஸ்துவுக்குள் பிரியமான பங்காளர்களே,

வழக்கமாக இந்தப் பக்கங்களில் ஒரு வேதபாடத்தை எழுதுவோம். இம்முறை ஒரு வியாதியைப் பற்றிய பாடத்தை எழுதுகிறோம். அதற்குக் காரணம் ஒரு சேகரத்துப் பெண்கள் ஐக்கிய சங்கத்தாரிடமிருந்து வந்த கடிதம். "மார்பகப் புற்றுநோயால் வாடும் ஏழைச் சகோதரிகளுக்கென்று நாங்கள் அனுப்பிய காணிக்கையில் ஒரு நல்ல பங்கு ஆய்வுக்கூடச் செலவு என்று கணக்கில் எழுதியிருக்கிறீர்களே, மருந்துக்கென்றல்லவா கொடுத்தோம்?" என்று கேட்டிருந்தார்கள். கணக்குக் கேட்பது நியாயம். கேளாமல் கொடுப்பதைவிடக் கேட்டுக் கொடுப்பதே நல்லது என்றுகூட நாங்கள் நினைக்கிறோம். இரண்டு வரியில் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இந்தக் கேள்வியோடு எங்கள் தவறு ஒன்றும் சேர்ந்திருக்கிறபடியால், அதையும் மறைக்காமல் எல்லாரும் அறியும்படி இங்கே எழுதுகிறோம்.

2019ஆம் ஆண்டில் ஒரு சகோதரி நம்மிடம் வந்தார். வயது 43. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். இரண்டு பிள்ளைகள். மார்பில் கட்டி. அறுவை, கீமோ, அதன்பின் ஒரு வருடம் 3 வாரத்துக்கு ஒருமுறை ஊசி என்று எல்லாவற்றையும் முகம் சுளிக்காமல் முடித்தார். ஊசிக்கு உங்கள் காணிக்கை உதவியது. 2021ல் ஒரு நாள் மறுபரிசோதனைக்கு வந்தவர், டாக்டரிடம் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிட்டு, எங்கள் ஜெப அறைக்கு வந்து உட்கார்ந்தார். காலையில் கண் விழித்ததும் தலை பிளக்கிறது, வாந்தி எடுத்தபின் சற்றுத் தேவலை, நடக்கும்போது யாரோ ஒரு பக்கமாய்த் தள்ளுவது போலிருக்கிறது என்றார். மகளுடைய கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கிய கடனைப் பற்றியும் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருப்பதாகவும் சொன்னார்.

நாங்கள் என்ன செய்தோம்? கடன் கவலை என்றோம். உபவாசத்தினால் வரும் பித்தம் என்றோம். தலையில் கைவைத்து ஜெபித்து அனுப்பினோம். அடுத்த வாரமும் வந்தார், ஜெபித்தோம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இதற்குள் வீட்டில் அவர் அடிக்கடி கோபப்படுகிறார், சொன்னதை மறக்கிறார் என்று கணவர் வீட்டார் அவரை ஒரு ஜெப வீட்டுக்குக் கொண்டுபோய் அசுத்த ஆவியைத் துரத்துவதாக ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் பள்ளிச் சமையலறையில் விழுந்துவிட்டார். அன்று மாலை எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் சிறுமூளையில் ஒரு பெரிய எலுமிச்சை அளவுக் கட்டி தெரிந்தது. மார்பிலிருந்து போன கட்டி.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் ஒரு தகப்பன் வலிப்பினால் அவதிப்படும் மகனை ஆண்டவரிடம் கொண்டுவருகிறான். மத்தேயு அதே சம்பவத்தைச் சொல்லும்போது சந்திரனோடு தொடர்புள்ள ஒரு கிரேக்கச் சொல்லைப் பயன்படுத்துகிறார். நம் பழைய தமிழ் வேதாகமம் அதைச் சந்திரரோகி என்றே மொழிபெயர்த்தது. அந்தப் பகுதியை நாங்கள் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அவிசுவாசத்தைப் பற்றிப் பேசுவோம், சீஷர்களின் தோல்வியைப் பற்றிப் பேசுவோம். நடுவில் ஆண்டவர் தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: பிள்ளைக்கு இது வந்து எவ்வளவு காலமாயிற்று என்று. எல்லாம் அறிந்தவர், கேட்டார். எந்த டாக்டரும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். அந்தச் சகோதரியிடம் மூன்று வாரமும் நாங்கள் கேளாமல் விட்டதும் அதுதான்.

அதன்பின் எங்கள் வார்டு ஜெபக் குழுவினர் அனைவரும் நம் டாக்டர்களிடம் உட்கார்ந்து சில மாலை நேரங்களில் பாடம் கேட்டோம். செமினரியில் எபிரெயுவும் கிரேக்கும் படித்த காலத்தைவிட அதிகமாய்த் திணறினோம் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். கேட்டதை எங்களுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம்.

சரீரத்திலுள்ள ஒவ்வொரு செல்லுக்கும், வெளியிலிருந்து வரும் செய்தியை வாங்கிக்கொள்ளச் சில புரதங்கள் உண்டு. அவற்றை ஏற்பி என்கிறார்கள், டாக்டர்கள் ரிசெப்டர் என்பார்கள். செல்லின் காது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளரச் சொல்லும் செய்தி வந்தால் செல் வளர்கிறது. மார்பகக் கட்டியில் மூன்று காதுகளைத் தேடிப் பார்க்கிறார்கள். முதல் இரண்டும் பெண்மைக்குரிய ஹார்மோன்களைக் கேட்பவை: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரொஜெஸ்டிரோன் ஏற்பி. ரிப்போர்ட்டில் இ.ஆர்., பி.ஆர். என்று இருக்கும். இவை செல்லின் உள்ளே, கருவில் இருப்பவை. மூன்றாவது ஹெர்-2. இது செல்லின் மேற்சுவரில் இருப்பது. ஹெர்-2க்கென்று தனியாய் வரும் செய்தி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அது பக்கத்திலுள்ள தன் உறவு ஏற்பியோடு கைகோத்துத்தான் வேலை செய்கிறது. சாதாரண செல்லில் அளவாய் இருக்கும். சில கட்டிகளில் அதன் ஜீன் பல மடங்கு பெருகி, செல்லின் மேற்பரப்பு முழுவதும் ஹெர்-2 அடைந்துவிடுகிறது. அப்போது வெளியிலிருந்து யாரும் சொல்லாமலே ஒன்றோடொன்று சேர்ந்து "வளர், வளர்" என்று ஓயாமல் சத்தமிடும். மார்பகப் புற்றுநோய்களில் 100க்கு 15 முதல் 20 வரை இப்படிப்பட்டவை. இந்த மூன்றும் இல்லாத கட்டிகளும் உண்டு. மேலை நாடுகளில் அவை 100க்கு 10 முதல் 15. நம் நாட்டில் செய்த ஆய்வுகளில் இந்த வகை அதைவிட அதிகமாய்க் காணப்படுகிறது.

இந்தக் காதுகளைப் பற்றிய அறிவு எப்படி வந்தது என்பது ஒரு பெரிய கதை. 1895ல் கிளாஸ்கோ நகரில் ஜார்ஜ் பீட்சன் என்ற அறுவை மருத்துவர், மார்பகப் புற்று முற்றிய ஓர் இளம் தாய்க்கு ஓவரி இரண்டையும் எடுத்தார். கட்டி மார்பில் இருக்க ஓவரியை ஏன் எடுக்கவேண்டும்? கறவைப் பசு நெடுநாள் பால் தரவேண்டுமென்று சில தேசத்துப் பண்ணைக்காரர்கள் அதன் ஓவரியை எடுத்துவிடுவது வழக்கம் என்று அவர் அறிந்திருந்தார். மாட்டுத் தொழுவத்து அறிவு! ஓவரிக்கும் மார்புக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டார். கட்டி வற்றியது. அந்தத் தாய் மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1896ல் லான்செட் பத்திரிகையில் அவர் இதை எழுதினார். ஹார்மோன் என்ற சொல்லே 1905ல்தான் பிறந்தது என்பதை நினைத்தால் ஆச்சரியமாயிருக்கிறது. ஆனால் இந்தச் சிகிச்சை சிலருக்குப் பலித்தது, பலருக்குப் பலிக்கவில்லை. ஏன் என்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஒருவருக்கும் தெரியவில்லை. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்கம் சேர்த்த ஈஸ்ட்ரோஜனை எலிகளுக்குச் செலுத்தி, சில உறுப்புகள் மட்டும் அதைப் பிடித்துவைத்துக்கொள்வதைக் கண்டார். பிடித்துவைப்பது ஏற்பி. அந்த ஏற்பி உள்ள கட்டிக்கே ஹார்மோன் சிகிச்சை பலிக்கும் என்பது பின்னர் விளங்கிற்று. டமாக்சிஃபென் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1962ல் அதைக் கருத்தடை மருந்தாகத் தேடிச் செய்தார்கள். அதற்கு உதவவில்லை. ஒதுக்கிவைத்த அந்தப் பொருள் 1973ல் அங்கே மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. இன்றைக்கும் நம் மருந்தகத்தில் மிக மலிவான புற்றுநோய் மருந்துகளில் அதுவும் ஒன்று. தள்ளப்பட்ட கல்லைப் பற்றிய சங்கீதம் எங்களுக்கு நினைவுக்கு வந்தது.

ஹெர்-2ஐப் பொறுத்தவரையில், 1987ல் கலிபோர்னியாவில் டெனிஸ் ஸ்லாமோன் குழுவினர் இந்த ஜீன் பெருகியுள்ள பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது, ஆயுசு குறைகிறது என்று காட்டினார்கள். எலிகளில் இதே ஜீனை அதற்குமுன் கண்டுபிடித்தது நரம்புத் திசுக் கட்டியொன்றில் என்பதை டாக்டர் சொன்னபோது நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இந்த ஏற்பியைப் பிடித்து அடைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஊசி மருந்துக்கு 1998ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவரை ஹெர்-2 என்றால் கெட்ட செய்தி. அதற்குப்பின் வைத்தியமுள்ள செய்தி. 2014ல் நம் நாட்டிலேயே அதற்கு இணையான மருந்து விற்பனைக்கு வந்தது. 2015ல் உலக சுகாதார நிறுவனமும் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. நம் சகோதரி போட்டுக்கொண்ட ஊசி அதுதான்.

அப்படியானால், அந்த ஊசியை ஒரு வருடம் ஒழுங்காய்ப் போட்டவருக்கு ஏன் தலையில் வந்தது? நாங்கள் டாக்டரிடம் கேட்ட கேள்வியும் இதுவே. இந்தப் பாடத்தின் கடினமான பகுதியும் இதுவே.

1889ல் லண்டனில் ஸ்டீபன் பேஜட் என்பவர், மார்பகப் புற்றுநோயால் மரித்த 735 பெண்களின் பிணப்பரிசோதனைக் குறிப்புகளைப் படித்தார். இரத்தம் எல்லா உறுப்புக்கும் போகிறது. புற்று செல் எங்கு வேண்டுமானாலும் தங்கியிருக்கலாம். ஆனால் ஈரலில் அடிக்கடி காணப்பட்டது, மண்ணீரலில் மிக அரிது. ஆகவே விதையை மட்டும் பார்த்தால் போதாது, நிலத்தையும் பார்க்கவேண்டும் என்றார். விதையும் நிலமும் என்றே இன்றும் அந்தக் கருத்துக்குப் பெயர். விதைக்கிறவன் உவமையை உங்களில் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். நாங்கள் ஒன்று எச்சரிக்கிறோம். அந்த உவமையில் விதை நல்லது, நிலம்தான் நாலுவிதம். இங்கே விதை கெட்டது, நிலம் நல்ல சரீரம். ஆகவே புற்றுநோய் வந்தவருடைய இருதயம் எந்த நிலம் என்று யாரும் பிரசங்கம் செய்ய வேண்டாம். அப்படி ஒரு பிரசங்கத்தைக் கேட்டு அழுதுகொண்டு வந்த ஒரு தாயை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

காதுகளைப் பொறுத்து நிலமும் மாறுகிறது. ஹார்மோன் ஏற்பி உள்ள புற்று பெரும்பாலும் எலும்பைத் தேடும். 10 வருடம் கழித்தும் தலைகாட்டும். ஹெர்-2 வகையும் மூன்றுமில்லாத வகையும் மூளையை அதிகம் தேடுகின்றன. நோய் ஏற்கெனவே வேறு உறுப்புகளுக்குப் பரவிய ஹெர்-2 நோயாளிகளில் 3ல் ஒருவர் முதல் பாதிப்பேர் வரை ஒரு கட்டத்தில் மூளையிலும் காண்கிறார்கள். மூன்றுமில்லாத வகையிலும் ஏறத்தாழ 3ல் ஒருவர். இதைப் படித்துப் பயப்படும் சகோதரிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு பரவிய நோயுள்ளவர்களைப் பற்றியது. ஆரம்பத்திலேயே கண்டு சிகிச்சை முடித்தவர்களில் மிகப் பலருக்கு இது வருவதில்லை.

மூளை சாதாரண நிலமல்ல, வேலி போட்ட நிலம். 1885ல் ஜெர்மனியில் பால் எர்லிக் ஒருவகைச் சாயத்தைப் பிராணியின் இரத்தத்தில் செலுத்தியபோது உறுப்புகளெல்லாம் நிறமேறின, மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது. மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர்ச் செல்கள் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். சிருஷ்டிகர் நம் நன்மைக்காக வைத்த காவல் அது. பல விஷங்களும் கிருமிகளும் உள்ளே போகாமல் தடுக்கிறது. ஆனால் அதே காவல் மருந்தையும் தடுக்கிறது. டிராஸ்டுசுமாப் ஒரு பெரிய புரதம். ஈரலுக்கும் நுரையீரலுக்கும் தாராளமாய்ப் போகும். மூளைக்குள் மிகச் சொற்பமே நுழையும். ஆகவே உடம்பெங்கும் புற்று ஒடுங்குகிறது. அதற்குமுன் எப்படியோ தலைக்குள் புகுந்துவிட்ட சில செல்கள் மட்டும் மருந்துக்கு எட்டாமல் உயிரோடிருந்து மெல்லப் பெருகுகின்றன. டாக்டர்கள் மூளையை அடைக்கல ஸ்தலம் என்று சொல்வதுண்டாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் யோசுவாவின் புஸ்தகத்திலுள்ள அடைக்கலப் பட்டணங்கள் எங்கள் நினைவுக்கு வந்தன. ஆனால் அவை கைப்பிசகாய்க் கொலை செய்தவனுக்கே. இந்தக் குற்றவாளிக்கு அங்கேயும் இடம் கிடைத்திருக்காது என்று சொல்லிச் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார். அவர் அன்றைக்கு முழுதும் சிரித்தது அப்பொழுதுதான்.

வேலிக்குள் போன விதை அங்கே எப்படிப் பிழைக்கிறது? 2009ல் அமெரிக்காவில் ஜோன் மஸாகே என்பவரின் ஆய்வுக்கூடத்தார், மூளைக்குப் போகும் மார்பகப் புற்று செல்கள் அந்தக் குழாய்ச் சுவரில் ஒட்டவும் அதைக் கடக்கவும் உதவும் சில ஜீன்களைக் கண்டார்கள். 2019ல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஒரு செய்தி இன்னும் விசித்திரம். மூளையின் நரம்பு செல்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ள குளுட்டமேட் என்ற பொருளைப் பயன்படுத்துகின்றன. சில மார்பகப் புற்று செல்கள் அந்த நரம்புச் சந்திப்புகளின் அருகே போய் உட்கார்ந்து, நரம்பு செல்லுக்குரிய ஏற்பியைத் தாங்களும் வைத்துக்கொண்டு, அந்தக் குளுட்டமேட்டை ஒட்டுக்கேட்டு வளர்கின்றன. மார்பில் பிறந்த செல், மூளையின் பாஷையைக் கற்றுக்கொள்கிறது. இதைக் கேட்ட இரவு எங்களில் சிலருக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படி நிலத்துக்கேற்ப விதை மாறுகிறபடியால் மார்பில் எடுத்த ரிப்போர்ட்டும் தலையில் எடுக்கும் ரிப்போர்ட்டும் ஒன்றாய் இருக்கவேண்டுமென்பதில்லை. சிலருக்கு ஹார்மோன் ஏற்பி மறைந்துபோகிறது. சிலருக்கு முன்பு இல்லாத ஹெர்-2 தோன்றுகிறது. அதனால்தான் தலையிலிருந்து கட்டியை எடுத்தால் அதையும் மறுபடி பரிசோதிக்கிறார்கள். ஆய்வுக்கூடச் செலவு ஒருவருக்கே இரண்டு முறை கணக்கில் வருவதற்கு இது ஒரு காரணம்.

பரிசோதனையைப் பற்றிச் சற்று விவரமாகவே எழுதவேண்டும். பயாப்சியில் எடுத்த சதையை மெழுகுக் கட்டிக்குள் பதித்து, நூலினும் மெல்லிய தகடாய்ச் சீவி, ஏற்பியோடு மட்டும் ஒட்டும் ஒருவகைப் பொருளால் நிறமேற்றுகிறார்கள். பழுப்பு நிறம் வந்தால் ஏற்பி இருக்கிறது. ஹெர்-2க்கு 0, 1, 2, 3 என்று மதிப்பெண். 3 என்றால் உண்டு. 0, 1 என்றால் அந்த ஊசி பலிக்கும் அளவுக்கு இல்லை. 2 என்றால் சந்தேகம், ஜீனையே எண்ணிப்பார்க்கும் இன்னொரு சோதனை வேண்டும், அதற்கு அதிகச் செலவு. இதில் எங்கள் கண்ணைத் திறந்த காரியம் என்னவென்றால், பிழை பெரும்பாலும் மைக்ராஸ்கோப்பில் நேரிடுவதில்லை. அதற்கு முன்னால், சதையைப் போட்ட பாட்டிலிலே நேரிடுகிறது. எடுத்த சதை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழவேண்டும். போதுமான ஃபார்மலின் வேண்டும். குறைந்தது 6 மணி நேரமாவது ஊறவேண்டும், 72 மணி நேரத்துக்கு மேல் ஊறவும் கூடாது. வெறும் உப்பு நீரில் போட்டு, பஸ்ஸில் ஒரு ராத்திரி பயணம்செய்து வரும் சதையில் ஏற்பிகள் கெட்டுப்போகின்றன. இருந்த காது இல்லையென்று ரிப்போர்ட் வருகிறது. அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவேண்டிய மாத்திரை கிடையாமல் போகிறது. இப்பொழுது நம் ஆப்பரேஷன் தியேட்டரில் ஃபார்மலின் பாட்டிலில் சதை எடுத்த நேரத்தை எழுதி ஒட்டுகிறார்கள். சுற்று வட்டாரத்துச் சிறு மருத்துவமனைகளுக்கும் நிரப்பிய பாட்டில்களைக் கொடுத்தனுப்புகிறோம். நீங்கள் கேட்ட ஆய்வுக்கூடச் செலவில் அந்தப் பாட்டில்களும் அடக்கம். மூன்று ஏற்பிகளையும் பார்க்கச் சில ஆயிரம் ரூபாய் ஆகிறது. அதைப் பாராமல் ஆரம்பிக்கும் சிகிச்சை, விலாசம் எழுதாத மணியார்டரைப் போன்றது.

இதை வாசிக்கும் குடும்பங்களில் யாருக்காவது சிகிச்சை நடந்திருந்தால், அந்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வருடங்கள் கழித்தும் அதிலிருந்து மறுபடி சீவிப் பார்க்க முடியும். வீட்டுப் பத்திரத்தோடு பெட்டியில் வைக்கும்படி நாங்கள் சொல்லிவருகிறோம்.

இனி அந்தச் சகோதரியிடம் வருவோம். முதலில் மூளை வீக்கத்தைத் தணிக்க டெக்சாமெத்தசோன் ஊசி போட்டார்கள். விலை மலிவான பழைய மருந்து. இரண்டாம் நாள் காலையில் எழுந்து உட்கார்ந்து மூன்று இட்லி சாப்பிட்டார், மகளின் பெயரைச் சொல்லி அழைத்தார். வார்டு முழுவதும் ஸ்தோத்திரம் என்றது. உறவினர்கள், "சொஸ்தமாகிவிட்டாள், வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம், ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லவேண்டும்" என்றார்கள். எங்களுக்கு மிகவும் தர்மசங்கடமான நேரம் அது. தேவன் செய்த நன்மையை மறுக்க நாங்கள் யார்? ஆனால் வீக்கம் வடிந்திருக்கிறது, கட்டி அங்கேயே இருக்கிறது, மருந்தின் வேகம் குறைந்ததும் வலி திரும்பும் என்று டாக்டர் சொன்னதை எடுத்துச்சொல்லும் வேலை எங்களுக்கே வந்தது. மூன்று வாரம் ஜெபம்பண்ணி அனுப்பியவர்களே வந்து, இப்பொழுது போகாதே என்று சொன்னோம். கணவர் நெடுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "ஐயர் சொன்னால் சரி" என்றார். அந்த நம்பிக்கைக்கு நாங்கள் பாத்திரரல்ல என்று அன்று உணர்ந்தோம்.

கட்டி ஒன்றே பெரிதாய் இருந்தபடியால் பெரிய மருத்துவமனை ஒன்றுக்கு அனுப்பி அறுவை செய்தார்கள். இந்தியாவில் நரம்பறுவைக்கென்று முதல் துறையை 1949ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் சாண்டி ஆரம்பித்தார் என்பதை மிஷன் மருத்துவமனைகளின் பங்காளர்கள் மறக்கக்கூடாது. அறுவைக்குப்பின் அந்த இடத்துக்கும் இன்னொரு சிறு புள்ளிக்கும் மட்டும் குறிவைத்துக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நம் ஜனங்கள் "தலைக்குக் கரண்ட் வைப்பது" என்று சொல்லிப் பயப்படுவார்கள். மின்சாரம் ஒன்றும் பாய்ச்சுவதில்லை. தலை முழுவதற்கும் கொடுத்தால் ஞாபகசக்தி குறையக்கூடும். ஆகவே முடிந்தவரை கட்டியிருக்கும் இடத்துக்கு மட்டும் கொடுக்கப் பார்க்கிறார்கள். எடுத்த கட்டியை மறுபடி பரிசோதித்தபோது ஹெர்-2 மதிப்பெண் 3 என்றே இருந்தது. ஆகையால் அதே ஏற்பியை உள்ளிருந்து தடுக்கும், உருவில் சிறிய லபாட்டினிப் என்ற மாத்திரையையும் கேபசிட்டபீன் மாத்திரையையும் கொடுத்தார்கள். சிறிய மருந்தாகையால் வேலியைத் தாண்டி ஓரளவு உள்ளே போகும்.

இதைவிட மேலான மருந்துகளும் வந்திருக்கின்றன. முன்பெல்லாம் தலையில் பரவிய நோயாளிகளைப் புது மருந்துச் சோதனைகளில் பெரும்பாலும் சேர்க்கமாட்டார்கள், எப்படியும் மரித்துப்போவார்கள் என்ற எண்ணம். டுக்காட்டினிப் என்ற மாத்திரையைச் சோதித்தவர்கள் 612 பேரைச் சேர்த்தார்கள், அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் மூளையில் நோயுள்ளவர்கள். 2019ன் முடிவில் பலன் வெளியானது. அந்தப் பாதிப்பேரில் புது மாத்திரையைச் சேர்த்து வாங்கியவர்களில் 4ல் ஒருவருக்கு ஒரு வருடம் நோய் முன்னேறவில்லை. பழைய மருந்துகளை மட்டும் வாங்கியவர்களில் அப்படி ஒருவரும் இல்லை. 4ல் ஒருவர்தானா என்று நீங்கள் கேட்கலாம். ஒருவருமில்லை என்ற பக்கத்தில் நாங்கள் நின்றிருக்கிறோம். டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டெக்கான் என்ற ஊசியும் தலையிலுள்ள கட்டியைச் சுருக்குகிறது என்று 2024ல் ஒரு பெரிய ஆய்வு காட்டிற்று. அதே 2024 ஜூலையில் நம் மத்திய அரசு அதன் இறக்குமதி வரியை நீக்கியது. வரி போயிற்று. விலை இன்னும் ஒரு சத்துணவு அமைப்பாளரின் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை.

அந்தச் சகோதரி அதன்பின் 19 மாதங்கள் இருந்தார். அதில் ஒரு வருடத்துக்கு மேல் பள்ளிச் சமையலறைக்குப் போய் வேலை பார்த்தார். மகள் கல்லூரியை முடிப்பதைக் கண்டார். 2023ல் நம் வார்டிலேயே ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். மூன்று வாரம் முந்தியிருந்தால் இன்னும் அதிகம் கிடைத்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டோம். அவர், "அதைச் சொல்ல முடியாது ஐயா, ஆனால் சமையலறையில் விழாமல் இருந்திருப்பார்கள்" என்றார்.

மரிப்பதற்குச் சில நாள் முன்பு நாங்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். "ஐயா, டாக்டரிடம் நானும்தானே சொல்லவில்லை, நாற்பது பேர் வெளியே காத்திருந்தார்கள்" என்றார்.

இப்பொழுது எங்கள் ஜெபக் குழுவில் ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற எவராவது காலைத் தலைவலி, வாந்தி, வலிப்பு, பார்வை மங்கல், ஒரு பக்கம் கை கால் சோர்வு, நடையில் தள்ளாட்டம், பேச்சிலோ குணத்திலோ மாற்றம் என்று சொன்னால், ஜெபிப்பதற்கு முன்னால் எத்தனை நாளாய் என்று கேட்டு எழுதி, அன்றைக்கே ரிப்போர்ட் அறைச் சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு வந்து ஜெபிக்கிறோம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்கிறார்கள். வார்டு துடைக்கும் அம்மாள் இருவரும் இந்தப் பாடத்தை எங்களோடு கேட்டவர்கள்.

சென்ற வருடம் அவர்களில் ஒருவர் ஓடிவந்து, 7ஆம் கட்டிலில் இருப்பவர் ஒரு வாரமாய்த் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை என்றார். ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தோம், ஹெர்-2 மதிப்பெண் 3. அன்று மத்தியானமே எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினோம். செலவை உங்கள் காணிக்கையிலிருந்து எடுத்தோம். படத்தில் ஒன்றுமில்லை. கண் டாக்டரிடம் அனுப்பினதில், கண்ணாடி மாற்றி ஐந்து வருடமாயிற்று என்று தெரிந்தது. புதுக் கண்ணாடி போட்டதும் வலி நின்றது. சங்கத்தார் அடுத்த கணக்கைப் பார்க்கும்போது, ஒன்றுமில்லை என்று வந்த அந்தப் படத்தின் செலவையும் அதில் காண்பார்கள். கண்ணாடிக்கான பணத்தை நாங்கள் ஜெபக் குழுவார் சேர்ந்து போட்டோம், அது கணக்கில் வராது.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைக் குருவானவரும் வார்டு ஜெபக் குழுவினரும்